ஆட்டத்தை ஆக்கும் பிள்ளைகள்

தமிழ்நாட்டு நகரங்களில் பிள்ளைகளின் பிறந்தநாள் கொண்டாட்டம் வீட்டுக் கூடத்தை விட்டு வாடகை அரங்கத்துக்கு நகரத் தொடங்கியபோது, அங்கு ஆடப்படும் விளையாட்டுகளும் பிள்ளைகளின் பொறுப்பிலிருந்து நிகழ்ச்சி நடத்துநரின் பொறுப்புக்கு மாறத் தொடங்கின. மைக் பிடித்தவர் விதியைச் சொல்ல, பிள்ளைகள் அதன்படி ஓடி, நின்று, பரிசு பெற்றுக் கலையும் இந்த ஏற்பாட்டில், பிறந்தநாளுக்கு உரிய பிள்ளையே தன் விழாவில் ஒரு விருந்தாளியாகிவிடுகிறது. வீட்டில் கழித்துப்போட்ட பொருள்களைக் கொண்டு, விழாவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பிள்ளைகள் கூடி விளையாட்டுகளை ஆக்கிக்கொள்வது இதற்கு நல்ல மாற்று. ஆயினும் அது பெரும்பாலும் கைவினைப் பயிற்சியாகவோ சிக்கனமாகவோ மட்டுமே பேசப்படுகிறது. கடையில் வாங்கிய ஆட்டத்தோடு விதித்தாளும் பெட்டிக்குள்ளேயே வந்துவிடுகிறது. காலி டப்பாவோடு எந்த விதியும் வருவதில்லை என்பதால், எங்கே நின்று எறிவது, எத்தனை முறை எறிவது, சாய்ந்தும் விழாமல் நிற்கும் டப்பாவைக் கணக்கில் சேர்ப்பதா என்பவற்றையெல்லாம் பிள்ளைகளே பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. இந்த முயற்சியின் பெரும்பயன் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது.

கழிபொருளை ஆட்டக்கருவியாக்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. வைகைக் கரையில் கீழடியில் நடந்த அகழாய்வு பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூலில், பகடைக்காய்களோடு வட்டச் சில்லுகளும் விளையாட்டுப் பொருள்களாக இடம்பெறுகின்றன. வட்டச் சில்லு என்பது உடைந்த பானையோட்டின் ஓரங்களைத் தட்டியும் தேய்த்தும் வட்டமாக்கிய சிறு துண்டாகும். பாண்டியாட்டத்தில் கட்டத்துக்குள் எறிவதற்கு அண்மைக்காலம் வரை பிள்ளைகள் பயன்படுத்திய ஓட்டுச்சில்லும் இதே வகையைச் சேர்ந்ததே. சமையலுக்கு உதவாமற்போன பானை, பிள்ளையின் கைக்கு உரிய கருவியாகி இரண்டாவது வாழ்வு பெற்றிருக்கிறது. நுங்கைத் தின்றபின் எஞ்சிய பனங்காய் மட்டை இரண்டைக் குச்சியால் இணைத்து ஓட்டும் நுங்கு வண்டியும், ஒருபுறம் தேய்த்து வெளுப்பாக்கிய புளியங்கொட்டையும், மிதிவண்டிக் கடையில் கழித்த டயரும் இந்த மரபின் தொடர்ச்சிகளே. ஆகவே இன்றைய பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கும் பெற்றோர் அயல்நாட்டுப் புதுமை எதையும் இறக்குமதி செய்யவில்லை. ஒரு தலைமுறை விட்ட இழையை மீண்டும் எடுக்கிறார்கள்.

குறித்த பயன் ஏதுமில்லாத பொருள் பிள்ளைகளை ஏன் இத்தனை ஈர்க்கிறது என்பதற்கு இருபதாம் நூற்றாண்டில் சிலர் விடை தேடியுள்ளனர். டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் கார்ல் தியோடர் சோரன்சென், தாம் அழகாக அமைத்துக் கொடுத்த விளையாட்டுத் திடல்களைக் காட்டிலும் கட்டடம் எழும் இடங்களிலும் குப்பை மேடுகளிலும் பிள்ளைகள் ஈடுபாட்டோடு ஆடுவதைக் கண்டு, பலகை, செங்கல், பழைய டயர் முதலியவை மட்டும் நிறைந்த திடல் ஒன்றைக் கோபன்ஹேகன் நகரின் எம்ட்ருப் பகுதியில் 1943இல், நாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்த காலத்திலேயே, உருவாக்கினார். போருக்குப்பின் அதைச் சென்று பார்த்த ஆங்கிலேய நிலவடிவமைப்பாளர் லேடி ஆலன், குண்டுவீச்சில் இடிந்து கிடந்த இங்கிலாந்து நகரங்களின் வெற்றிடங்களில் அதே முறையைப் பரப்பினார். 1971இல் சைமன் நிக்கல்சன் என்ற ஓவியர் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். ஒரு சூழலில் பிள்ளைகள் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் மாற்றவும் கூடிய பொருள்கள் எத்தனை வகையாக, எத்தனை எண்ணிக்கையில் உள்ளனவோ அந்த அளவுக்கே அங்கே புதியன புனைவதும் கண்டறிவதும் நிகழும் என்பது அவரது கருத்து. அவ்வகைப் பொருள்களை அவர் உதிரிப் பாகங்கள் என்றார். பழைய கல்யாணப் பத்திரிகை, பால்பாக்கெட், மாத்திரை அட்டைப்பெட்டி, தேங்காய்ச் சிரட்டை, பாட்டில் மூடி ஆகியவை கிடக்கும் எந்தத் தமிழ் வீட்டுப் பரணும் இந்தக் கோட்பாட்டின்படி வளமான இடமே.

இந்தியாவில் இத்துறையில் முதலில் நினைக்கப்பட வேண்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் படித்துத் தொழிற்சாலையில் பணியாற்றிக்கொண்டிருந்த அவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் சேர்ந்தபோது, ஊர்ச் சந்தையில் கிடைத்த மிதிவண்டி வால்வு டியூபைச் சிறுதுண்டுகளாக நறுக்கித் தீக்குச்சிகளை அவற்றில் செருகி வடிவங்கள் ஆக்கும் முறையை உருவாக்கினார். நான்கு குச்சிகளால் ஆன சதுரம் விரலால் அழுத்தியதும் சாய்ந்துவிடும், மூன்றால் ஆன முக்கோணம் சாயாது என்பதை அந்த முறையில் பிள்ளை தன் கையாலேயே உணர்கிறது. இது வகுப்பறையோடு நிற்கும் அறிவன்று. பிறந்தநாள் ஆட்டத்துக்காகத் துடைப்பக் குச்சிகளையும் நூலையும் கொண்டு காகிதப் பந்து நுழையும் வாயில் ஒன்றைக் கட்டும் பிள்ளை, அது ஆடுவதைக் கண்டு மூலைவிட்டமாக ஒரு குச்சியைக் கட்டும்போது இதே உண்மையைத் தேவையின் பொருட்டுக் கண்டடைகிறது. அவ்வாறு கண்டதை அது எளிதில் மறப்பதில்லை.

செய்வதற்கு எளியதும் சிந்திக்க நிறையத் தருவதும் புளியங்கொட்டைத் தாயமே. நான்கு கொட்டைகளைச் சிமெண்டுத் தரையில் ஒருபுறம் மட்டும் தேய்த்து உள்வெண்மை தெரியச் செய்தால், தாயக்கட்டைக்கு ஈடான கருவி கிடைத்துவிடும். பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் கட்டம் வரைந்தால் ஆட்டம் ஆயத்தமாகிவிடும். உருட்டிப்போட்ட கொட்டைகளில் எத்தனை வெண்மை காட்டுகின்றனவோ அதுவே எண். ஒன்று விழுந்தால் தாயம், நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு என்று கொள்வது பரவலான வழக்கம். ஒவ்வொரு கொட்டையும் இரு விதமாக விழலாம் என்பதால் நான்கும் சேர்ந்து விழ 16 வழிகள் உண்டு. அவற்றில் ஒன்று விழ 4 வழிகளும், இரண்டு விழ 6 வழிகளும், மூன்று விழ 4 வழிகளும், நான்கு விழவும் எட்டு விழவும் தலா ஒரே வழியும் உள்ளன. அதாவது கொட்டைகள் ஒருசார்பின்றி விழுமானால், 100 உருட்டலில் இரண்டு ஏறத்தாழ 37 முறையும், ஒன்றும் மூன்றும் தலா 25 முறையளவிலும், நான்கும் எட்டும் தலா 6 முறையளவிலும் வர வேண்டும். ஆனால் தேய்த்த புறம் தட்டையாகவும் மறுபுறம் புடைத்தும் இருப்பதால் உண்மைக் கொட்டைகள் அப்படியே நடந்துகொள்வதில்லை. பத்து வயதுப் பிள்ளைகள் இருவர் உருட்டி, மூன்றாமவர் கோடிட்டுக் கணக்கெழுதி, தாங்கள் செய்த கொட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்டு, அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் தேய்ப்பதா, கொட்டையை மாற்றுவதா என்று முடிவெடுப்பது, நிகழ்தகவு என்னும் கணிதப் பகுதிக்கு எந்தப் பாடநூலும் தர முடியாத நுழைவாயில். நிகழ்தகவு என்பது நடக்கக்கூடிய விளைவுகளில் ஒன்று எத்தனை பங்கு எதிர்பார்க்கத்தக்கது என்பதை எண்ணால் கூறுவதாகும். கடைப் பகடையின் ஆறு முகங்களும் சமமென்று நம்பி ஏற்கும் பிள்ளைக்கு அந்த எண்ணைச் சோதித்துப் பார்க்கும் எண்ணமே எழுவதில்லை.

பல்லாங்குழிக்கு முட்டையட்டை பொருத்தமானது. முப்பது முட்டை கொள்ளும் காகிதக்கூழ் அட்டையில் ஆறு குழிகள் கொண்ட ஐந்து வரிசைகள் இருக்கும்; இரண்டு வரிசைகளைச் சேர்த்து வெட்டினால் 12 குழிகள் கிடைக்கும், எஞ்சிய பகுதியிலிருந்து இரண்டு குழிகளை வெட்டி முனையில் தைத்துவிட்டால் வரிசைக்கு ஏழாக 14 குழிகள் நிறைவடையும். குழிக்கு ஐந்தாக 70 கொட்டைகள் போதும். குழியிலிருந்து எடுத்த கொட்டைகளை ஒவ்வொன்றாக அடுத்தடுத்த குழிகளில் இட்டுச்செல்லும்போது ஒரு குழியில் நான்கு சேர்ந்துவிட்டால் அதைப் பசு என்று கூறிக் குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வது பரவலான விதி. முட்டை உடைந்து ஒட்டிய அட்டையில் நோய்தரும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கக்கூடும் என்பதாலும் காகிதக்கூழைக் கழுவ முடியாது என்பதாலும் கறைபட்ட அட்டையை முற்றாகத் தவிர்க்க வேண்டும். ஐயம் இருந்தால் 14 சிரட்டைகளைச் சேர்ப்பதே மேல். அதற்கு வீட்டில் பல நாள் தேங்காய் உடைக்க வேண்டியிருக்கும் என்றாலும், நாளொன்றாகச் சிரட்டை சேரச் சேர விழாவை எதிர்நோக்கும் ஆவலும் பிள்ளைகளிடம் வளர்ந்துகொண்டே போகும்.

எறிந்து வீழ்த்தும் ஆட்டங்களில் செய்முறைக்கு அதிகம் சொல்வதற்கில்லை. ஒற்றைக் காலுறைகளைச் சுருட்டி, பஞ்சரான மிதிவண்டி டியூபிலிருந்து வளையமாக வெட்டிய ரப்பரால் இறுக்கினால் பந்து. அடுக்கிய டப்பாக்களோ, அடிப்பகுதியில் சிறிது மணல் இட்ட தண்ணீர் பாட்டில்களோ இலக்கு. பழைய செய்தித்தாளை முறுக்கி வளையமாக்கித் துணிக்கிழியல் சுற்றினால் வளையம் எறியும் ஆட்டமும் ஆயத்தம். இவற்றில் கவனம் செலுத்த வேண்டிய இடம் கடினத்தின் அளவு. எல்லாரும் முதல் வீச்சிலேயே வீழ்த்தும் ஆட்டத்தை இரண்டாம் சுற்றில் எவரும் விரும்புவதில்லை. எவராலும் வீழ்த்த முடியாத ஆட்டம் அழுகையில் முடிகிறது. மணலின் அளவைக் கூட்டியும் குறைத்தும், எறியும் கோட்டை முன்னும் பின்னும் நகர்த்தியும், ஐந்து வயதுத் தங்கைக்கு ஒரு கோடும் பன்னிரண்டு வயது அண்ணனுக்கு வேறொரு கோடும் போட்டும் பிள்ளைகள் இந்த அளவைத் தாங்களாகவே கண்டடைகின்றனர். விழா நாளுக்கு முன்பு ஒத்திகையாக ஆடிப்பார்க்காத ஆட்டம் ஆயத்தமான ஆட்டமே ஆகாது என்பதைப் பெற்றோர் வலியுறுத்த வேண்டும். மற்றவற்றில் அவர்கள் தலையிடாமலிருப்பதே நல்லது.

விதிகளைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவதற்கு உளவியல் சான்றும் உண்டு. சுவிட்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே, ஜெனீவாவிலும் நியூஷாடெலிலும் கோலி ஆடும் சிறுவர்களைக் கவனித்தும் வினவியும் 1932இல் வெளியிட்ட நூலில், விதியைப் பற்றிய பிள்ளைகளின் எண்ணம் வயதோடு மாறுவதை விளக்கினார். இளம்பிள்ளைகள் விதியைப் பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்றக்கூடாத புனிதமாகக் கருதுகின்றனர், ஆனால் ஆடும்போது அதைச் சரிவரப் பின்பற்றுவதில்லை. பத்து, பன்னிரண்டு வயதையொட்டிய பிள்ளைகளோ ஆடுவோர் அனைவரும் உடன்பட்டால் விதியை மாற்றலாம் என்று கொள்வதோடு, உடன்பட்ட விதியை உண்மையாகவே கடைப்பிடிக்கின்றனர். இந்த மாற்றம் பெரியவர்களின் அறிவுரையால் வருவதைவிட, சமநிலையிலுள்ள தோழர்களோடு வாதாடி இணங்குவதால் வருகிறது என்பது பியாஜேயின் முடிவு. பின்வந்த ஆய்வாளர்கள் அவர் குறித்த வயது எல்லைகளைக் கேள்விக்குட்படுத்தியுள்ளனர்; எனினும் விதிக்கு உடன்பட்டவரே விதியைக் காப்பார் என்ற அடிப்படை, பிறந்தநாள் கூட்டத்தைக் கவனிக்கும் எவருக்கும் விளங்கக்கூடியது. மைக் பிடித்தவர் சொன்ன விதியை மீறுவதில் பிள்ளைக்குத் தயக்கம் இல்லை; தானும் சேர்ந்து எழுதிய விதியைத் தம்பி மீறினால் அது விட்டுக்கொடுப்பதும் இல்லை.

பொருள்களை இணைக்கும் முறையிலும் அக்கறை வேண்டும். தனியாக இருக்கும்வரை அட்டை, பாட்டில், தகரம் ஆகிய மூன்றையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார், அவை மறுசுழற்சிக்கும் செல்லும். அவற்றையே க்ளூ கன்னால் ஒன்றோடொன்று ஒட்டி, மினுமினுப்புத் தூள் தூவி, தெர்மாகோல் துண்டு பதித்துவிட்டால், யாரும் வாங்காத கலப்புக் குப்பையாகிவிடுகின்றன. மறுபயன்பாடு என்ற பெயரில் பள்ளிகளிலும் போட்டிகளிலும் செய்யப்படும் அலங்காரப் பொருள்களில் பல இவ்வாறு, மீளக்கூடிய பொருளை மீளாக் குப்பையாக்குவது வருந்தத்தக்கது. அலங்கார வேலைக்கான தெர்மாகோலும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டவை. பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் முதலியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே தடை உள்ளது. பிளவிட்டுச் செருகுதல், நூலால் கட்டுதல், ஊசியால் தைத்தல் ஆகியவை பிரிக்கக்கூடிய இணைப்புகள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அட்டையோடு அட்டையை மைதாப் பசையாலோ சோற்றுக் கஞ்சியாலோ ஒட்டலாம், அதனால் காகிதம் காகிதமாகவே எஞ்சும். சாயத்துக்கு மஞ்சளும் பீட்ரூட் சாறும் போதுமானவை. ஆட்டம் ஒருநாள் அல்லது ஒரு வாரத்துக்கானது என்பதால் அவை மங்குவது பற்றிக் கவலை தேவையில்லை.

பாதுகாப்பில் மட்டும் பெரியவர்களின் சொல்லே இறுதியாக இருக்க வேண்டும். சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது பொம்மைப் பாதுகாப்பு அளவுகோல்களின் அடிப்படை. புளியங்கொட்டை, சோழி, கோலி, பாட்டில் மூடி ஆகிய யாவும் இந்த எல்லைக்குள் வருவதால், சிறு குழந்தைகள் வரும் வீட்டில் தாயமும் பல்லாங்குழியும் எட்டாத உயரத்து மேசையில், பெரிய பிள்ளையொருவரின் பொறுப்பில் நடக்க வேண்டும். வெடித்த பலூன் துண்டும் அதே ஆபத்து உடையது. வெட்டிய தகர டப்பாவின் விளிம்பை உட்புறம் மடித்துத் தட்டாமல் கையில் தரக்கூடாது. மருத்துவ ஊசிக்குழல், மாத்திரை ஒட்டியிருக்கும் அட்டை, பூச்சிமருந்தோ ஆசிடோ இருந்த பாட்டில், பொத்தான் பேட்டரி ஆகியவற்றுக்கு எவ்வளவு கழுவினாலும் இடமில்லை. கடையில் தரும் வழவழப்பான ரசீதுத் தாளில் பிஸ்பீனால் வகை வேதிப்பொருள் பூசப்பட்டிருக்கக்கூடும் என்பதால் அதையும் விலக்க வேண்டும். செய்தித்தாளால் பந்தும் வளையமும் செய்யலாம், ஆனால் அச்சுமை உணவில் சேரும் என்பதால் அதே தாளில் சுண்டலைப் பொட்டலம் கட்டலாகாது.

விழா நாளன்று ஆட்டத்தின் தன்மையே சிலரை ஓரத்தில் உட்கார வைத்துவிடுகிறது என்பதையும் பிள்ளைகளோடு முன்கூட்டியே பேச வேண்டும். இசை நாற்காலியில் முதலில் தோற்றவர்தான் மிக அதிக நேரம் வேடிக்கை பார்க்கிறார். ஆட்டத்தில் மிகக் குறைந்த பயிற்சி உள்ளவர் பெரும்பாலும் அவரே. செய்தித்தாள் ஆட்டம் இதைத் திருத்தக்கூடியது. தரையில் விரித்த தாள்களின் மீது இசை நிற்கும்போது அனைவரும் ஏறி நிற்க வேண்டும் என்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஆளைக் குறைக்காமல் தாளைப் பாதியாக மடித்துக்கொண்டே போனால், தாளின் பரப்பு பாதி, கால், அரைக்கால் என்று சுருங்கச் சுருங்க, பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எல்லாரும் நிற்கும் வழியைத் தேட வேண்டியிருக்கும். கண்பார்வையற்ற பிள்ளை வந்திருந்தால் இலக்குப் பாட்டில்களைக் கயிற்றில் தொங்கவிட்டு உள்ளே கொட்டைகளை இட்டு, ஒருவர் கயிற்றை ஆட்டிக் கிலுகிலுக்கச் செய்யலாம். அப்போது பார்வையுள்ளவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒலியைக் கொண்டு குறிபார்ப்பது எல்லாருக்கும் சமமான ஆட்டமாகும். பரிசு வழங்குவதில் கருத்து வேறுபடலாம் எனினும், தாங்களே செய்த ஆட்டத்துக்குப் பரிசு தேவைப்படுவதில்லை என்பதே இத்தகைய கூட்டங்கள் உணர்த்துவது. ஆடி முடித்ததும் பிள்ளைகள் கேட்பது அடுத்த சுற்றைத்தான்.

வீட்டிலுள்ள பாட்டி, தாத்தாக்களுக்கு இதில் உரிய இடம் கதை சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. பசுவை யார் எடுப்பது, வெறுங்குழி வந்தால் அதற்கு அடுத்த குழியில் உள்ளதை எடுப்பதா, தாயம் விழாமல் காயை இறக்கலாமா என்பவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடுகளில் பல எந்த நூலிலும் எழுதப்படாமல் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து வந்த அப்பாவின் தாயும் திருநெல்வேலியிலிருந்து வந்த அம்மாவின் தாயும் ஒரே பலகையின் இருபுறமும் உட்கார்ந்து வெவ்வேறு விதி சொன்னால், பிள்ளைகள் இரண்டையும் ஆடிப்பார்த்து, தங்கள் விழாவுக்கு எது என்று தேர்ந்துகொள்ளலாம். தேராத விதியையும் நாள்காட்டித் தாளின் பின்புறம் ஊர்ப்பெயரோடு முழுமையாக எழுதிவைக்க வேண்டும்.